பெங்களூரில் உங்கள் தெருவுக்கு ஓர் அவசர உதவிக் குழு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். அல்சூர் பல்லக்குத் திருவிழாவில் வருஷம் தவறாமல் தோள் கொடுத்தவர். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் வெளியே போயிருந்தார். நர்ஸ் ‘வாயுத் தொல்லைதான்’ என்று ஓர் ஊசி போட்டார். அங்கிருந்து இன்னொரு இடம், அங்கே ஐ.சி.யூ.வில் படுக்கை இல்லை. மூன்றாவது இடத்தில்தான் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அப்போது மணி 1:20.

மாமா பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. இப்போது ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பல்லக்கு வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்.

அந்த ராத்திரி எங்களிடம் வண்டி இருந்தது, தூக்க ஆள் இருந்தது, கையில் பணமும் இருந்தது. எங்கே போவது என்பது மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தெருவில் குழு தொடங்கினோம். மர்ஃபி டவுன், விவேக் நகர், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் என்று நம் தமிழர்கள் நெருங்கி வாழும் எந்தப் பேட்டையிலும் இதைச் செய்யலாம். எப்படி என்று கேட்டு வருகிறவர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்த ஊரைப் புரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இங்கே அரசு மருத்துவமனைகள் வளர்ந்த விதமே தனி. கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியா, 1900-இல் கர்சன் பிரபு திறந்துவைத்தது. அதை ஒட்டிப் பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் வாணி விலாஸ், கண்ணுக்கு மிண்டோ. சிவாஜி நகரில் பௌரிங். பிறகு வந்ததெல்லாம் பெரும்பாலும் உறுப்புக்கு ஒன்று: இதயத்துக்கு ஜெயதேவா, மூளைக்கும் நரம்புக்கும் நிம்ஹான்ஸ், எலும்புக்கும் விபத்துக்கும் சஞ்சய் காந்தி, குழந்தைக்கு இந்திரா காந்தி, புற்றுநோய்க்குக் கித்வாய். ஒவ்வொன்றும் அதனதன் துறையில் தென்னிந்தியா முழுக்கப் பெயர் வாங்கியது. ஆனால் பைக்கிலிருந்து விழுகிறவன் உறுப்பு உறுப்பாக விழுவதில்லையே.

அதனால்தான் இந்த ஊரில் ‘இங்கே பார்க்க மாட்டோம், அங்கே போங்க’ என்ற வாக்கியம் இவ்வளவு சகஜம். சொல்கிறவர் கெட்டவர் அல்ல. அவரிடம் அந்தத் துறை இல்லை. நோயாளி இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்தப் பயணம் இருக்கிறதே, சில்க் போர்டிலோ டின் ஃபேக்டரியிலோ மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரம், அதைக் குறைப்பது ஒன்றுதான் உங்கள் குழுவின் வேலை. வைத்தியம் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. குழுவில் சேருகிறவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதத்தில் அரை டாக்டர் ஆகிவிடுகிற ஆசாமி எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார்.

ஆள் சேர்ப்பது

150 முதல் 200 வீடு வரை ஒரு குழு போதும். அதற்கு மேல் போனால் யார் வீடு எது என்று தெரியாது. பகல் 12 மணிக்குத் தெருவில் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். ஐ.டி. கம்பெனி ஐ.டி. கார்டு போட்ட பிள்ளைகள் ஆர்வமாகப் பெயர் கொடுப்பார்கள். காலை 8 மணிக்கு ஒயிட்ஃபீல்டு கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். பூக்கடை அக்கா, தையல் கடைக்காரர், அயர்ன் வண்டி அண்ணன், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற இரண்டு பேர், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன். இவர்கள்தான் உங்கள் பகல் ஷிஃப்ட். ராத்திரிக்கு வேறு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கன்னடம் சரளமாகப் பேசுகிற ஒருவர் எந்த நேரத்திலும் இருக்க வேண்டும்; கட்டாயம்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வையுங்கள். ஒன்று பேசுவதற்கு. இன்னொன்றில் அவசரச் செய்தி மட்டும், அதில் குட்மார்னிங் போட்டால் உடனே வெளியே. இரக்கமே காட்டாதீர்கள். அந்தக் குழுவின் சத்தத்தை யாரும் மௌனத்தில் போடாமல் இருப்பதற்கு வேறு வழி கிடையாது.

ஆஸ்பத்திரிப் பட்டியல்: கால் நடையாகப் போய் எழுதுவது

இதுதான் பெரிய வேலை. கூகுளில் பார்த்து எழுதிய பட்டியல் உதவாது. எங்கள் முதல் பட்டியல் அப்படித்தான் இருந்தது. அதில் 24 மணி நேரம் என்று போட்டிருந்த இடங்களில் ஒன்று ஷட்டரை இறக்கிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கியது.

இரண்டு பேராகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் போங்கள். ஓர் ஆஸ்பத்திரியின் உண்மையான பலம் அந்த நேரத்தில்தான் தெரியும். கேஷுவால்ட்டி வாசலில் நின்று பணிவாகக் கேளுங்கள்: இப்போது உள்ளே டாக்டர் இருக்கிறாரா, இல்லை ஃபோன் செய்தால் வருவாரா? ஈ.சி.ஜி. மெஷினும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருக்கிறார்களா? ராத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுக்க டெக்னீஷியன் இருப்பாரா? ரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா, வெளியே ஓட வேண்டுமா? பாம்புக்கடி மருந்து கையிருப்பு உண்டா? ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக உள்ளே வர வேண்டும்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தப்பான கேட்டில் நின்று செக்யூரிட்டியோடு வாதாடி 10 நிமிஷம் தொலைத்த கதை எங்களிடமே இரண்டு இருக்கிறது.

கேஷுவால்ட்டியின் நேரடி ஃபோன் எண்ணை வாங்குங்கள். ரிசப்ஷன் எண் வேண்டாம், அது ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று பாட்டுப் போடும்.

உங்கள் பகுதியில் இருக்கும் சின்ன இடங்களையும் எழுதிக்கொள்ளுங்கள், எதற்கு உதவாது என்பதற்காகவாவது. நம்ம கிளினிக் என்று 2022 டிசம்பரிலிருந்து திறந்துகொண்டு வருகிறார்களே, அது நல்ல விஷயம். காய்ச்சல், சுகர், பிரஷர், சின்னக் காயம் எல்லாவற்றுக்கும் இலவசம். ஆனால் பெரும்பாலும் காலை 9-லிருந்து மாலை 4:30 வரைதான். மாரடைப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடக் கூடாது. மாநகராட்சியின் நகர ஆரம்ப சுகாதார நிலையமும் அப்படித்தான். நாய்க்கடி ஊசிக்கும் குழந்தைத் தடுப்பூசிக்கும் அங்கே போகலாம். இன்னொன்று: 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி போய், மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உங்கள் தெரு எதில் வருகிறது, அந்த மண்டலத்தின் சுகாதார அதிகாரி அலுவலகம் எங்கே என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். டெங்கு வரும் மாதங்களில் அந்த அறிமுகம் உதவும்.

எந்தக் கேஸ் எங்கே

இதை ஒரே ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஆட்டோ ஸ்டாண்டிலும் பெட்டிக்கடையிலும் ஒட்டுங்கள். உங்கள் பகுதிக்குத் தக்கபடி பெயர்கள் மாறும். யோசிக்கும் முறை மாறாது.

நெஞ்சு வலி, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை: முதல் ஈ.சி.ஜி. எடுக்கத்தான் அருகில் இருக்கும் நல்ல இடம். அடைப்பு உறுதியானால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோபிளாஸ்டியோ. இரண்டுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. கர்நாடக அரசு நடிகர் புனீத் ராஜ்குமார் பெயரில் நடத்தும் ஹிருதய ஜோதித் திட்டம் இந்த யோசனையில் பிறந்ததுதான்: தாலுகா ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள், அதை ஜெயதேவா போன்ற மைய மருத்துவமனை டாக்டர் பார்ப்பார், அவர் சொன்னால் அங்கேயே டெனெக்டிப்ளேஸ் ஊசி இலவசமாகப் போட்டு, பிறகு அனுப்புவார்கள். வெளியில் வாங்கினால் பல்லாயிரம் ரூபாய் மருந்து அது. ஆனேக்கல், ஹொஸ்கோட்டே பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். நெஞ்சு வலியோடு நேரே பெங்களூருக்கு வண்டியைத் திருப்ப வேண்டாம்; முதல் ஊசி அங்கேயே கிடைக்கலாம்.

வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல்: பக்கவாதம். ரத்தக்குழாய் அடைப்பால் வந்திருந்தால் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். அதனால் ‘தாத்தா எத்தனை மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தார்’ என்று வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டு கிளம்புங்கள். நேரே சி.டி. உள்ள இடத்துக்குப் போங்கள். நிம்ஹான்ஸ் என்று சொன்னால் நம்மவர்களில் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். ‘அது பைத்தியத்துக்கான ஆஸ்பத்திரி ஆச்சே, பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல’ என்று ஒரு வீட்டில் என்னிடமே சொன்னார்கள். பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் வலிப்புக்கும் நாட்டின் மிக முக்கியமான இடங்களில் அது ஒன்று. இந்தத் தயக்கத்தை, யாரும் விழுவதற்கு முன்பே தெருவில் பேசித் தீர்த்துவிடுங்கள். விழுந்த பிறகு பேசினால் முடியாது.

சாலை விபத்து: தலையில் மட்டும் அடி என்றால் ஒரு கணக்கு, தலை, வயிறு, தொடை எல்லாம் என்றால் வேறு கணக்கு. பல இடத்தில் அடிபட்டவரை எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள்: விக்டோரியாவின் விபத்துப் பிரிவு, கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் மாதிரி. உறுப்புக்கு ஒன்று என்று இருக்கும் ஆஸ்பத்திரிகளிடையே இந்தக் கேஸ்தான் பந்து மாதிரி உருளும்.

தீக்காயம் என்றால் விக்டோரியா. போவதற்கு முன் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவக் கூடாது. தீபாவளிக்கு முன் மிண்டோவின் அவசரப் பிரிவுக்கு வழி பார்த்து வையுங்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கே வெடிக் காயத்தோடு குழந்தைகள் வருகிறார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற குழந்தைகள்கூட. பாம்புக்கடிக்குக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடித்த கை காலை அசைக்காமல் மருந்து உள்ள இடத்துக்கு. நாய்க்கடி என்றால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி.

மனது சம்பந்தப்பட்ட அவசரத்துக்கு 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், தமிழிலும் பேசலாம். தூக்குக் கயிறு, பூச்சி மருந்து என்று பேசுகிறவர் வீட்டில் இருந்தால், அந்த எண் சுவரில் இருக்க வேண்டும்.

108-க்குப் பேசுவது ஒரு பயிற்சி

கர்நாடகத்தில் 108 சேவை 2008 நவம்பரில் ஆரோக்கிய கவசம் என்ற பெயரில் வந்தது. இலவசம். 112 என்பது போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பெங்களூர் விலாசத்தை ஃபோனில் எப்படிச் சொல்வது என்பது.

இந்த ஊரில் மூன்றாவது மெயின், ஏழாவது க்ராஸ் இல்லாத லேஅவுட்டே கிடையாது. ‘தேர்ட் மெயின், செவன்த் க்ராஸ்’ என்று பதற்றத்தில் கத்தினால் டிரைவருக்கு ஒன்றும் விளங்காது. முதலில் பேட்டை, பிறகு ஸ்டேஜ் அல்லது பிளாக், பிறகு எல்லோருக்கும் தெரிந்த அடையாளம், கடைசியில் க்ராஸ். மெட்ரோ பாதைக்குக் கீழே இருந்தால் தூணில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். அதைவிடத் துல்லியமான விலாசம் இந்த ஊரில் இல்லை. ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள், ராத்திரி என்றால் கையில் டார்ச்சோடு. இந்த ஒரு பழக்கம் மட்டுமே எங்களுக்கு ஐந்தாறு நிமிஷம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

சில கன்னட வார்த்தைகளை எல்லோரும், குறிப்பாக ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாக்கள், மனப்பாடம் பண்ணட்டும். எதெ நோவு என்றால் நெஞ்சு வலி. ப்ரக்ஞெ தப்பிதெ என்றால் நினைவு தப்பிவிட்டது. ஹெரிகெ நோவு, பிரசவ வலி. ஹாவு கச்சிதெ, பாம்பு கடித்தது. ஹத்ர என்றால் பக்கத்தில். பேக பன்னி, சீக்கிரம் வாங்க. தமிழும் கன்னடமும் அக்கா தங்கை என்று மேடையில் பேசுகிறோம். ஃபோனில் அந்த உறவு ஒரு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை.

கூப்பிட்ட ஃபோனை வேறு யாருக்கும் பேசப் பயன்படுத்தாதீர்கள். வண்டியிலிருந்து அதே எண்ணுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் மச்சானுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி முச்சந்தியில் நிற்கும். ஒருவர் பேச, இன்னொருவர் தன் ஃபோனில் கேஷுவால்ட்டிக்குத் தகவல் சொல்ல. ‘55 வயசு, ஆண், நெஞ்சு வலி, 10 மணிக்கு ஆரம்பம், சுகர் உண்டு, 20 நிமிஷத்தில் வருகிறோம்.’ இவ்வளவுதான். முன்கூட்டிச் சொன்ன கேஸுக்கு ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நினைவு இல்லை, மூச்சும் இல்லை என்றால் வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்த வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இதைப் படித்துக் கற்க முடியாது. பொம்மை வைத்துச் செய்து காட்டும் பயிற்சிக்குக் குழுவில் பாதிப் பேராவது போக வேண்டும். பக்கத்து நர்சிங் கல்லூரியில் கேளுங்கள், மாணவிகள் சந்தோஷமாக வந்து சொல்லித் தருவார்கள்.

தனியார் வண்டி

108 தாமதமானால் தனியார் ஆம்புலன்ஸ். மூன்று டிரைவர்களிடம் முன்பே பேசி, கிலோமீட்டருக்கு எவ்வளவு, ராத்திரிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கி வையுங்கள். கதவைத் திறந்து பாருங்கள். ஆம்னி வேனில் சிவப்பு விளக்கு மாட்டி உள்ளே ஒரு பெஞ்சு போட்டதும் ஆம்புலன்ஸ்தான் என்று ஓடுகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, கூட டெக்னீஷியன் வருவாரா? கமிஷனுக்காக ‘எனக்குத் தெரிந்த நல்ல ஆஸ்பத்திரி’ என்று வண்டியைத் திருப்பும் டிரைவர்களும் உண்டு. எங்கே போவது என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டு ஏறுங்கள். ஆட்டோவில் நெஞ்சு வலிக்காரரையோ பிரசவ வலிக்காரரையோ ஏற்றலாம். கழுத்தில், முதுகில் அடிபட்டவரை மட்டும் மடக்கி ஆட்டோவுக்குள் திணிக்காதீர்கள். அந்தப் பத்து நிமிஷ அவசரம் ஆயுளுக்கும் நடக்க முடியாமல் செய்துவிடும்.

ஒரு பிளாஸ்டிக் கவர்

ஒவ்வொரு வீட்டிலும் பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு கவர் ஒட்டச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு தாள்: பெயர், வயது, ரத்த வகை, தினமும் போடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, பழைய ஆபரேஷன், யாரைக் கூப்பிட வேண்டும். கூடவே ஆதார், ரேஷன் கார்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை நகல்கள். பீன்யாவிலும் கார்மெண்ட்ஸ் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் நம் பெண்கள் பலருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறது, ராஜாஜி நகரிலும் இந்திரா நகரிலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ரேஷன் கார்டு விஷயத்தில் நேர்மையாகப் பேசிவிடுவது நல்லது. ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. மற்றவர்களுக்குச் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1.5 லட்சம். இது கர்நாடக ரேஷன் கார்டை வைத்து நடக்கிறது. ஊரில் கார்டு, இங்கே வாடகை வீடு என்று இருபது வருஷம் இருப்பவர்கள் அவசரத்தில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். எந்த ஊர் கார்டு வேண்டும் என்று ஒரு சாவகாசமான ஞாயிற்றுக்கிழமையில் முடிவெடுக்கச் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் தனியாருக்குப் போக அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அவசரச் சிகிச்சைப் பட்டியலில் உள்ளவற்றுக்கு வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் முதலில் போங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தாயி கார்டு, அதாவது கர்ப்பத்தைப் பதிந்து அரசு தரும் அட்டை. வாடகைக்கு வந்த மாதமே ஆஷா ஊழியரைப் பார்த்துப் பதிவு பண்ணுங்கள். 2022 நவம்பரில் துமகூருவில், ஆதாரும் தாயி கார்டும் இல்லை என்று மாவட்ட மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதாகச் செய்தியில் வந்த பெண், தமிழ்நாட்டிலிருந்து போனவர். மறுநாள் வீட்டிலேயே பிரசவம். தாயும் இரட்டைக் குழந்தைகளும் இறந்தார்கள். மருத்துவமனை ஊழியர்கள் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவசரத்தில் காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசு சொன்னது. இருந்தாலும் கார்டு கையில் இருக்கட்டும்.

கவுண்டரில் நிற்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை

நானே ஒரு நர்சிங் ஹோமின் பில்லிங் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். எந்தப் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் தெளிவு. அரசோ தனியாரோ, எந்த டாக்டரும் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கர்நாடகத் தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் 2017 திருத்தம், அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் வற்புறுத்தக் கூடாது, பில் பாக்கி என்று உடலைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது. இதைச் சத்தம் போட்டுச் சொன்னால் காரியம் கெடும். ‘சார், எமர்ஜென்சிக்கு அட்வான்ஸ் கேட்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு, டியூட்டி டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும், பில் நாங்க பார்த்துக்கறோம்’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் நடக்கும்.

விபத்தில் விழுந்தவரைக் கொண்டு சேர்ப்பவர் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. பெயர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் 7 நாளைக்கு 1.5 லட்சம் வரை கையில் காசில்லாமல் சிகிச்சை. கேஸ் போலீஸில் பதிவாக வேண்டும் என்பதால் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க ஆஸ்பத்திரி எழுதும் பதிவு) போடுவதைத் தடுக்காதீர்கள்.

ஓசூர் ரோட்டைப் பற்றித் தனியாக

நம்மவர்கள் சனிக்கிழமை கிளம்பி கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை என்று போய் ஞாயிறு ராத்திரி திரும்புகிறவர்கள். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் மாநிலம் மாறுகிறது, 108-உம் மாறுகிறது. எல்லையோரம் நின்று கூப்பிட்டால் ஃபோன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருக்கலாம், அதனால் முதல் வார்த்தையாக எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரம் இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். ஆகவே ஓசூருக்கு அந்தப் பக்கம் விழுந்தவரைப் பெங்களூருக்குத்தான் கொண்டு வருவேன் என்று ஒரு மணி நேரம் ரத்தம் ஒழுக ஓட்டிவராதீர்கள். அங்கேயே ரத்தத்தை நிறுத்தி, மூச்சை நிலைப்படுத்தி, பிறகு தேவையென்றால் மாற்றலாம்.

மாற்றும்போது நான்கு விஷயம் கையில் வேண்டும்: பரிந்துரைக் கடிதம், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற குறிப்பு, ஸ்கேன் ஃபிலிம் அல்லது அது பதிவான சி.டி. தட்டு, போகும் இடத்தில் படுக்கை உண்டு என்று ஃபோனில் சொன்னவரின் பெயர். நாலாவது இல்லாமல் கிளம்பாதீர்கள். ஊரிலிருந்து நிம்ஹான்ஸுக்கும் ஜெயதேவாவுக்கும் வருகிற சொந்தக்காரர்கள், ‘நீ அங்கதானே இருக்க, வந்துட்டு பேசிக்கலாம் தம்பி’ என்று வண்டியில் ஏறிவிட்டுத்தான் ஃபோன் செய்வார்கள். கோபப்படாமல், அனுப்பும் டாக்டரையே இந்த டாக்டரிடம் பேசவைக்கச் சொல்லுங்கள்.

ரத்தம்

பட்டியலில் பெயர் எழுதி வைப்பதோடு கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதுங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை. எல்லோரையும் ஒரே நாளில் முகாமுக்கு அனுப்பினால் அடுத்த மூன்று மாதம் தெருவில் கொடுக்க ஆள் இருக்காது. நாங்கள் அந்தத் தப்பைப் பண்ணினோம், அதுவும் டெங்கு மாதத்தில். டெங்குவில் தேவைப்படும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் கெடாமல் இருக்கும்.

நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு கேஸுக்கும் நான்கு நேரத்தை எழுதுங்கள்: தொந்தரவு தொடங்கியது, ஃபோன் செய்தது, வண்டி வந்தது, ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை ஆரம்பித்தது. நோயாளியின் பெயர் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம். மாதம் ஒரு தடவை டீயோடு உட்கார்ந்து எந்த இடைவெளி பெரிசு என்று பாருங்கள். எங்கள் நோட்டில் பெரிய இடைவெளி எப்போதும் முதல் இரண்டுக்கும் நடுவில்தான்: வீட்டுக்காரர்கள் சோடா கொடுத்து, ஓமத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, விடியட்டும் என்று காத்திருந்த நேரம். அதைக் குறைக்க ஆம்புலன்ஸால் முடியாது. பெண்கள் மாலையில் உட்கார்ந்து பேசும் இடத்தில் பேசித்தான் குறைந்தது.

பண வசூல் இருந்தால் கணக்கை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுங்கள். எந்த ஆஸ்பத்திரியிடமும் காலண்டர்கூட வாங்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பட்டியலில் உள்ள எல்லா எண்ணுக்கும் ஒரு தடவை ஃபோன் அடித்துப் பார்க்க வேண்டும். போன மாதம் 14 எண்ணில் மூன்று மாறியிருந்தது. இந்த வேலையை எங்கள் குழுவில் மாமாதான் செய்கிறார், அதே வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு. யாராவது எடுக்கவில்லை என்றால் ராத்திரி 11 மணிக்கு மறுபடி அடிப்பார்.